பூப்போட்ட லினனா, காட்டனா, பிளாஸ்டிக்கா? சாப்பாட்டு மேசைக்கு எதை விரிப்பது

சித்திரை பிறந்துவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகளுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம். ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள் வாங்கியாகிவிட்டது. மகளுக்குப் பூப்போட்ட லினன் விரிப்புதான் வேண்டுமாம். "அந்தக் காசுக்கு மூணு காட்டன் எடுத்துடலாம் போலிருக்கேம்மா, என்ன பண்றது?" என்று கையில் இரண்டு மாதிரித் துண்டுகளோடு என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இதே குழப்பத்தில் இன்னும் நாலைந்து பேர் இருப்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் திரைச்சீலை, குஷன் உறை, மேசை விரிப்பு தைத்துக் கொடுப்பவள். துணி விற்பதில்லை. எதை வாங்கி வந்தாலும் எனக்குத் தையல் கூலி ஒன்றுதான்.

## துணிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

எல்லாரும் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதல் கேள்வி, இதை யார் துவைப்பார், யார் இஸ்திரி போடுவார்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

இரண்டாவது, அந்த மேசையில் என்ன நடக்கிறது? மூன்று வேளையும் சோறு, குழம்பு, மீன் வறுவலா? இல்லை, சாப்பாடு சமையலறையிலேயே முடிந்து, மேசையில் காபியும் பேப்பரும் மட்டுமா?

மூன்றாவது, நம் ஊர்க் காற்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் வெயிலைவிடப் புழுக்கம்தான் தொல்லை. மதியம் கடல் காற்று திரும்பும்வரை மேசையில் கையை ஊன்றினால் கை ஒட்டும். அந்த நேரத்தில் எந்தத் துணி கைக்கு இதமாக இருக்கிறது என்பதுதான் கோடைக்கான பரீட்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எது காயும் என்பது அடுத்த பரீட்சை.

நான்காவது, பூ. அச்சு எப்படிப்பட்டது, எத்தனை துவைப்புக்குத் தாங்கும்?

ஐந்தாவது, மேசைக்கு மட்டும்தானா, வேறெதற்கும் ஆகுமா? மொட்டைமாடியில் நிலாச்சோறு, சோபாவின் மேல் போர்த்துவது, கோடையில் கட்டிலுக்கு விரிப்பது, இப்படி.

இதற்கெல்லாம் பிறகு விலை.

## லினன்

ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார்தான் லினன். ஆளி விதை நமக்குத் தெரிந்த சாமான். ஆனால் நாருக்கென்று வளர்க்கும் ஆளி வேறு வகை. பிரான்ஸின் வடக்கே நார்மண்டிப் பக்கம்தான் உலகிலேயே அதிகம் விளைகிறது. நாரோ நூலோ கடல் கடந்து வரவேண்டியிருப்பதால் இங்கே விலையும் ஏறிவிடுகிறது.

கோடைக்கு இது பொருத்தம் என்று சொல்வது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியான காற்றில் வைத்துப் பார்த்தால், லினன் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. வாங்கிய ஈரத்தை லினன் சீக்கிரம் விட்டும்விடும். அதனால்தான் முழங்கை ஒட்டுவதில்லை, ஐஸ் தண்ணீர் தம்ளரின் அடியில் குளம் கட்டுவதில்லை. ஆனால் மர மேசைக்காரர்கள் கவனிக்க வேண்டும். துணி குடித்த தண்ணீர் கீழே பாலிஷுக்கும் போகும். தம்ளருக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு வைத்தே ஆகவேண்டும்.

ஆயுளும் அதிகம். நனைந்தால் இன்னும் வலுப்படும் நார் இது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். நல்ல கனத்தில், 160 முதல் 200 ஜிஎஸ்எம்முக்குள் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எடுத்து ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருடம் தாராளமாக வரும்.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம்.

லினன் கசங்கும். இஸ்திரி போட்டு விரித்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் கசங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை எடுக்கத் துணி ஈரமாக இருக்க வேண்டும், பெட்டி உச்சச் சூட்டில் இருக்க வேண்டும், துணியின் பின்பக்கம் தேய்க்க வேண்டும். கத்திரி வெயிலில் நின்று இதைச் செய்து பாருங்கள். கோடைக்கென்று வாங்கிய துணிக்காகக் கோடையிலேயே வியர்த்து ஊற்றும். இஸ்திரி கடையில் போட்டால் பெட்ஷீட் கணக்கு. ஒன்றுக்கு 20 ரூபாய் என்றே வையுங்கள். மாதம் நாலு தடவை என்றால் வருடத்துக்கு 960 ரூபாய், ஐந்து வருடத்தில் 4,800. துணியின் விலையைத் தாண்டிவிடும்.

இஸ்திரியே போடாமலும் லினனை வைத்துக்கொள்ளலாம். அலசியதும் முறுக்கிப் பிழியாமல், ஈரத்தோடு உதறி, ஓரங்களை இழுத்துவிட்டுக் கொடியில் போட்டால் மெல்லிய கசங்கல் மட்டும் இருக்கும். அதுவே தனி அழகுதான். ஆனால் அந்தக் கசங்கலை அழகாகப் பார்க்கும் கண் வீட்டில் எல்லாருக்கும் இருக்கிறதா? உங்களுக்கு இருக்கலாம், மாமியாருக்கு?

அப்புறம் சுருங்குவது. இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒருவர் கொண்டுவந்த லினனை நனைக்காமல் அப்படியே வெட்டித் தைத்துவிட்டேன். முதல் துவைப்பில் நீளத்தில் நாலு அங்குலம் போய்விட்டது. இரண்டு முனையிலும் மேசையின் விளிம்பு பல்லிளித்தது. பக்கத்தில் பட்டி வைத்துச் சரிசெய்து கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறி, காய்ந்து வந்தால்தான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. லினன் நாருக்கு வளைந்து கொடுக்கும் குணம் குறைவு. ஒரே மடிப்பில் வருடக்கணக்காக அலமாரியில் வைத்தால் மடித்த கோட்டிலேயே நூல் இற்றுப்போகும். சுருட்டி வையுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றுங்கள்.

பல வேலைக்கு ஆகுமா என்றால், இதைவிட ஆகும் துணி கிடையாது. கோடை ராத்திரியில் கட்டிலில் விரித்துப் படுத்துப் பாருங்கள். சில்வர் பீச்சுக்குக் கொண்டுபோனால் மணல் ஓர் உதறலில் விழுந்துவிடும். ஜன்னலுக்குத் திரையாகப் போடுவதில் மட்டும் ஒரு குறை. பூ ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெளிறிய பின்பக்கம்தான் தெரியும்.

## பூவைப் பற்றிக் கொஞ்சம்

லினனா காட்டனா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அச்சைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நல்ல துணியில் மட்டமான அச்சு இருந்தால் இரண்டாவது வருடமே அது பூப்போட்ட துணி இல்லை, பூ போன துணி.

அச்சில் பெரும்பாலும் இரண்டு வகை. பிக்மென்ட் அச்சில் நிறம் துணியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். தடவினால் பூ இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். தேய்க்கத் தேய்க்க உதிரும். ரியாக்டிவ் சாயம் நூலோடு சேர்ந்துவிடும். தடவினால் பூவுக்கும் வெறுந்துணிக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்துச் சிவப்புப் பூவின்மேல் பத்துத் தடவை தேயுங்கள். கைக்குட்டை சிவந்தால் நகர்ந்துவிடுங்கள்.

துவைத்தாலும் போகாத பூ என்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய பெருமை. படிகாரம் போட்டுச் சாயவேரின் சிவப்பைத் துணியில் நிற்கவைக்கும் வித்தை சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களின் கையில் இருந்தது. அந்தப் பூத்துணிகளுக்கு ஐரோப்பாவில் அடித்த மவுசைப் பார்த்து, உள்ளூர் நெசவைக் காப்பாற்ற 1686-ல் பிரான்ஸ் அவற்றுக்குத் தடையே போட்டது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு நாம் சாயம் போகும் பூவை வாங்கலாமா?

இனி மஞ்சள் கறை. சாம்பார் சிந்தினால் சோப்பு பட்ட இடம் சிவக்கும். பயந்துவிடாதீர்கள், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். பிறகு நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக மங்கிப் போகும். சிக்கல் என்னவென்றால், அதே வெயில் பூவின் நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால் வழக்கமாகத் துணியைத் திருப்பிப்போட்டு நிழலில் காயவையுங்கள். கறை பட்ட நாளில் கறை இருக்கும் பக்கம் மட்டும் வெயில் படும்படி மடித்துப் போடுங்கள்.

வெள்ளைத் தரையில் (பூவுக்குப் பின்னால் இருக்கும் துணியின் நிறம்தான் தரை) அங்கொன்று இங்கொன்றாகப் பெரிய பூ, படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். தினமும் சாப்பிடும் மேசைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். நெருக்கமான சின்னப் பூ, கடுகு மஞ்சள் அல்லது செங்கல் நிறத் தரை, இது எவ்வளவோ குழம்பை மறைத்துவிடும். பண்ருட்டிப் பலா உரிப்பதை மட்டும் எந்த விரிப்பின் மேலும் வைத்துக்கொள்ளாதீர்கள். பால் பட்டுவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவி வழித்தெடுத்து, பிறகு சோப்பு. வாழைக்கறைக்கு எனக்கு வழி தெரியாது. அந்த இடத்தில் ஒரு பூ எம்பிராய்டரி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

## காட்டன்

தினசரி உழைப்புக்கு இதுதான். கரூரில் ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சும் மேசை விரிப்புகள் நம் சண்டே மார்க்கெட் வரைக்கும் வருகின்றன. தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் முழுதாக விரித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு மூலையில் அச்சு விலகியிருக்கும், அல்லது அளவு நம் மேசைக்குப் பொருந்தாத வெளிநாட்டுக் கணக்காக இருக்கும்.

லினனைவிடச் சற்றுக் குறைந்த சூட்டிலேயே இஸ்திரி நிற்கும். லேசாகக் கஞ்சி போட்டால் ஒரு வாரம் மேசையில் விறைப்பாகக் கிடக்கும். புழுக்கத்தில் கைக்கு இதம்தான், லினனுக்கு ஒரு படி கீழே, அவ்வளவே. இதுவும் சுருங்கும், எனவே இதையும் நனைத்துத்தான் தைக்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு ஆயுள். தினமும் போட்டு வாரம் ஒருமுறை துவைத்தால் மூன்று நான்கு வருடத்தில் நரை தட்டி, மடிப்பு விளிம்பு நைந்துவிடும். மெல்லிசாக இருந்தால் கடல் காற்றில் பறக்கவும் செய்யும். அதற்கு நான் நாலு மூலையிலும் மடிப்புக்குள் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வைத்துத் தைத்துவிடுவேன். துவைக்கும்போது எடுக்க ஒரு சின்ன வாய் விட்டிருக்கும். கடன் கேட்டு வந்தவர்கூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கைத்தறியில்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோ-ஆப்டெக்ஸ் போன்ற இடங்களில் விரிப்பு பெரும்பாலும் கட்டமும் கோடும்தான். பூ வேண்டுமென்றால் கையச்சுத் துணியாகத் தேடுங்கள்.

## லினன் காட்டன் கலப்பு

55 சதவீதம் லினன், 45 சதவீதம் பருத்தி என்பது வழக்கமான கலவை. லினனின் சொரசொரப்பும் குளுமையும் முக்கால்வாசி கிடைக்கும், கசங்கல் பாதியாகக் குறையும். விலையும் நடுவில்தான். பெயருக்காக வாங்குபவர்களுக்குத் திருப்தி இருக்காது. துணிக்காக வாங்குபவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான்.

## பாலியஸ்டர்

கசங்காது, சுருங்காது, கார்த்திகை மழையிலும் ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். பூவும் போகாது. ஆனால் தண்ணீரை வாங்காது. ரசம் சிந்தினால் ஓடி நேராக உங்கள் மடிக்கு வரும். எண்ணெய்க் கறையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை வைத்தால் உருகித் தடம் விழும். கல்யாண மண்டபத்துக்குச் சரி.

## பிளாஸ்டிக் விரிப்பு

மட்டமாகப் பேசப்போவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், கை நடுங்கும் பெரியவர் இருக்கும் வீட்டிலும் இதற்கு மாற்று இல்லை. ஒரு ஈரத்துணி போதும், துவைப்பு என்ற பேச்சே கிடையாது. மே மாதத்தில் கை ஒட்டும் என்பது உண்மை, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. மர மேசையில் மாதக்கணக்காக அப்படியே கிடந்தால், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் பாலிஷோடு வேலை செய்து இளக்கிவிடும். ஒருநாள் உரித்தால் பூவின் அச்சு மேசையில் ஒட்டியிருக்கும். நூற்றைம்பது ரூபாய் விரிப்புக்காக ஆயிரக்கணக்கில் பாலிஷ் செலவு. அடியில் பழைய பருத்திப் புடவை ஒன்றை விரித்து, அதன் மேல் போடுங்கள். மஞ்சள் கறை இதிலும் பட்டால் பட்டதுதான், உடனே துடைக்க வேண்டும்.

லினனை விரித்து, அதன் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போடுபவர்களும் இருக்கிறார்கள். எதற்கு லினன்? அச்சடித்த காகிதம் போதுமே.

## ஒரே பார்வையில்

| | லினன் | காட்டன் | கலப்பு | பாலியஸ்டர் | பிளாஸ்டிக் |
|---|---|---|---|---|---|
| புழுக்கத்தில் கைக்கு | மிக இதம் | இதம் | இதம் | ஒட்டும் | நன்றாக ஒட்டும் |
| இஸ்திரி வேலை | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | இல்லை எனலாம் | இல்லை |
| மழைக்காலத்தில் காய்வது | சுமார் | தாமதம் | சுமார் | உடனே | துடைத்தால் போதும் |
| வேறு பயன் | நிறைய | ஓரளவு | நிறைய | குறைவு | இல்லை |
| வாங்கும் விலை | அதிகம் | நடுத்தரம் | நடுவில் | குறைவு | மிகக் குறைவு |
| ஒளிந்திருக்கும் செலவு | இஸ்திரி, துணி சுருங்குவது | மூன்று நான்கு வருடத்தில் மாற்றுவது | துணி சுருங்குவது | எண்ணெய்க் கறை | மேசை பாலிஷ் |

## கடையில் ஏமாறாமல் இருக்க

"லினன் பெட்ஷீட், லினன் டேபிள் கிளாத்" என்று எழுதியிருப்பதெல்லாம் லினன் இல்லை. லினன் மாதிரி தெரியும் பாலியஸ்டர் நிறைய வருகிறது. புதுச்சேரி ரோடியர் துணி மில்லில் வேலை பார்த்த என் அப்பா சொல்லிக்கொடுத்த வழி இது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். பருத்தி இழை சுருண்டு நிற்கும், லினன் இழை நேராக, முடிபோல விறைத்து நிற்கும். வீட்டுக்கு வந்து அதே நூலைக் கொளுத்தினால் லினனும் பருத்தியும் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாகத் திரளும். கொளுத்துவதில் லினனையும் பருத்தியையும் பிரிக்க முடியாது, அதற்கு முறுக்கைப் பிரிப்பதுதான்.

அளவு. ஆறு பேர் மேசை 60 அங்குலம் நீளம், 36 அங்குலம் அகலம் என்றால், நாலு பக்கமும் 8 அங்குலம் தொங்க 76-க்கு 52 வேண்டும். மீட்டர் துணியாக எடுத்தால் 58 அங்குல அகலத்தில் இரண்டேகால் மீட்டர். சுருங்குவதற்கும் மடித்துத் தைப்பதற்கும் அதிலேயே இடம் இருக்கும். எட்டு அங்குலத்துக்கு மேல் தொங்கவிடாதீர்கள். நாற்காலியை இழுக்கும்போது துணியும் கூடவே வரும், அதன் பின்னாலேயே குழம்புக் கிண்ணமும்.

## யாருக்கு எது

இரண்டே பேர், மதியச் சாப்பாடு ஆபீஸில், ராத்திரி இட்லியோ தோசையோ என்றால் லினனை வாங்குங்கள், அனுபவியுங்கள். கூட்டுக் குடும்பம், மூன்று வேளையும் இலையோ தட்டோ மேசையில் என்றால் அடர்நிறக் காட்டன் இரண்டு, ஒன்று மாற்றி ஒன்று. விருந்தாளிக்கென்று மட்டும் எடுத்து வைப்பவர்கள் லினன் வாங்கலாம். ஆனால் கஞ்சி போட்டு உள்ளே வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூச்சியும் பூஞ்சணமும் முதலில் அதைத்தான் தேடி வரும். மற்றபடி பெரும்பாலானவர்களுக்குக் கலப்பு.

மஞ்சக்குப்பத்து அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். மகள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே போன் போட்டார். இல்லையாம், மாப்பிள்ளையின் சட்டையே கடைக்குத்தான் போகிறதாம். கடுகு மஞ்சள் தரையில் சின்னப் பூ, கலப்புத் துணி, இரண்டேகால் மீட்டர் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு எடுத்து வருகிறாராம். வந்ததும் ஊறப்போட வேண்டும்.